சேதம்: ஒலிபெருக்கி ஒன்று

விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு
ஆதம்லெவ்வை நஸ்மீர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.
கையில் ஒயில் மணம், சாரத்தில் கண்ணாடித் தூள்.

எழுதினேன்.
முச்சக்கரவண்டி, பச்சை. சூன் பாண் வியாபாரம்.
முன்கண்ணாடி உடைந்தது.
பாண் எண்பது, மாலுபணிஸ் நாற்பது,
கழிவு ஒயில் ஊற்றிப் பாழானது.
ஒலிபெருக்கி ஒன்று, பிடுங்கி வடிகானில் வீசப்பட்டது.

"அதுக்குள்ள கிடந்தும் பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு புள்ள."
அதையும் எழுதவா என்றேன்.
வேண்டாமாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா?
இல்லை. தொப்பியைச் சொல்லித்தான்.

நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
ஓ.ஐ.சி. தலையாட்டிக்கொண்டு வந்தார்.
காரணம் என்ற இடத்தில் விரலை வைத்தார்:
பழைய கோபம் என்று போடுங்கள்,
கோவை சீக்கிரம் மூடும்.
பழைய கோபத்துக்கு
ஆளை ஆள் தெரிந்திருக்க வேண்டுமே, சேர்.
அவர் தேநீரைக் குடித்தார்.
நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

இந்த உடுப்பை முதல்முதல் போட்டு வந்த அன்று
அம்மா மூன்று நாள் பேசவில்லை.
தொண்ணூறில் மாமாவை ஏற்றிப்போன ஜீப்பிலும்
இதே நிறம்தானாம்.
தமிழ் பேசும் பெண்கள் தேவை என்று
விளம்பரம் வந்தது. எனக்குச் சம்பளம் தேவை.
இதைவிட உயர்ந்த காரணம் எதையும்
நேர்முகப் பரீட்சையிலும் நான் சொல்லவில்லை.

பின்னேரம் சிவில் பாதுகாப்புக் குழு கூடியது.
கோயில் தலைவர் இந்தப் பக்கம்,
பள்ளிவாசல் செயலாளர் அந்தப் பக்கம்,
நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்.
வெளியார் செய்த வேலை என்பதில்
எல்லோரும் ஒற்றுமைப்பட்டார்கள்.
வெளியார் என்று ஒருவர்
செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் பொதுவாக இருக்கிறார்.
எந்தக் கல் விழுந்தாலும் அவர் எறிந்ததுதான்.
இன்றுவரை பிடிபடவில்லை.
அறிக்கையில் நானும் ஒப்பமிட்டேன்.

நஸ்மீரின் கடன் கொப்பி
சாட்சிப் பொருளாக என் லாச்சியில் கிடந்தது.
எங்கள் ஒழுங்கை முழுதும் அதில்
பெயர் பெயராய், வீடு வீடாய்.
பதினோராம் பக்கத்தில் நான்:
பொலிஸ் தங்கச்சி, கிம்புலா பணிஸ் ரெண்டு.

அடுத்த இரண்டு நாளும்
நான் வாடகைக்கு இருக்கும் அந்த ஒழுங்கைக்கு
ஆறு மணி வரவில்லை.
பிள்ளைகள் சில்லறையோடு படலையில் நின்றுவிட்டு
சில்லறையோடு உள்ளே போனார்கள்.
அலுமாரியில் ஒலிபெருக்கி,
கழுத்தில் இலக்கத் துண்டு, வாயில் காய்ந்த சேறு.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெண்,
நைட்டிக்கு மேல் துவாய்,
ரப்பர் பட்டி போட்ட காசை மேசையில் வைத்தாள்.
"ஆயிரத்து முந்நூற்று நாப்பது.
பாண்காரருக்குக் குடுக்கோணும்.
இராசநாயகி வீடெண்டு எழுதியிருப்பார்.
கேக் காசும் சேத்துத்தான்."

கடைக்கே போய்க் குடுக்கலாமே அக்கா?
என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொப்பியைப் புரட்டினேன். இருந்தது.
கேக் ஒரு கிலோ, பாதிக் காசு பிறகு.
ஆருக்கு, அக்கா?
"மகனுக்கு. போன மாசம் பத்தொன்பது முடிஞ்சது."

விசிறி ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பி
தாள்களைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.
இந்தக் காசைப் பொறுப்பேற்க
எங்களிடம் படிவம் இல்லை என்றேன்.
இன்னொரு படிவம் இருக்கிறது என்றேன்.
கதிரையைக் காட்டினேன்.

வெகுநேரம் கழித்துத்தான் இருந்தாள்.
குனிந்து, ரகசியம் மாதிரி,
"நீயும் நம்மட புள்ளதானேங்கா" என்றாள்.

ஓம் என்றேன்.
பேனையின் மூடியைக் கழற்றினேன்.